பத்தாயத்துக்குள் மூன்று பெட்டிகள்

அத்தியாயம் பதினொன்று

பகவதி எத்தனை கெட்டிக்காரி என்று, வாராவாரம் இந்தக் குடும்பத்தோடு பழகிவிட்டவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கெட்டிக்காரிதான் மாசி மாதத்துச் சனிக்கிழமைக் காலையில், மாமனார் வீட்டில் நெல் போட்டுவைக்கிற பத்தாயத்தில் ஏணியைச் சாத்தி ஏறி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூடியைத் திறந்து உள்ளே இறங்கினாள். இறங்குவது சுலபமாகத்தான் இருந்தது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு நிமிஷம் பின்னால் போய்விட்டு வருகிறேன். பகவதி உள்ளேயே நிற்கட்டும்.

அவள் கணவன் சுயம்புலிங்கம் பட்டாளத்தில் லாரி ரிப்பேர் பிரிவில் இருந்தவன். உலகச் சண்டை முடிந்து ஊர் திரும்பியவர்கள் டிரங்குப் பெட்டியும் கம்பளியுமாக வந்தார்கள். இவன், பட்டாளத்துப் பழைய சாமான் ஏலத்தில் எடுத்த மூன்று கரண்ட் மிஷின்களோடு வந்தான். இரும்பில் துளை போடுகிற மிஷின் ஒன்று, சாணை மிஷின் ஒன்று, சின்ன மோட்டார் ஒன்று. தெருவுக்குக் கரண்ட் வந்ததும் மாட்டுத் தொழுவத்தில் பாதியைத் தடுத்துப் பட்டறை போட்டுவிட்டான். பூதப்பாண்டிப் பக்கம் எந்த மில்லில் அச்சு முறிந்தாலும் அந்தத் தொழுவத்துக்குத்தான் வந்தது.

அப்பா கைலாசநாத பிள்ளைக்கு அது கட்டோடு பிடிக்கவில்லை. வயல் இருக்கிற வீட்டுப் பையன் இரும்புத்தூளோடு நிற்பதாவது! மூத்த மகன் உலகநாதன் சண்டைக்கு முன்பு மலேயாவுக்குப் போனவன், அதன்பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மிச்சமிருக்கிற ஒருவனும் மண்வெட்டியைத் தொடமாட்டேன் என்றால் அவர் யாரிடம் போய்ச் சொல்லுவார்?

ஐப்பசி மழையில் தொழுவத்துக் கூரை ஒழுகி, துளை மிஷினுக்குள் தண்ணீர் இறங்கி, சுவிட்சைத் தொட்ட சுயம்புவைத் தூக்கி அடித்தது. அதே வாரம் அடுத்த தெருவில் கள்ளன் புகுந்து வெண்கல உருளிகளை அள்ளிக்கொண்டு போனான். அப்போதுதான் பிள்ளை வாயைத் திறந்தார். "ஒனக்க சாமானெல்லாம் பத்தாயத்துல கொண்டு வையிலே. நடு அறை காலியாத்தானே கெடக்கு."

சுயம்புவுக்குத் தலைகால் புரியவில்லை. பத்தாயம் என்றால் சும்மாவா? ஆளுயரத் தேக்குப் பலகை, தரையில் படாமல் கால் வைத்து நிற்பது, ஈரம் ஏறாது, எலி நுழையாது. மூன்று மிஷினுக்கும் கிரீஸ் தடவி, மெழுகுத்துணி சுற்றி, சாக்கில் பொதிந்து, மூன்று பெட்டிகளில் அடைத்து, தானே உள்ளே இறங்கி வைத்தான். அப்பா மனசு மாறிவிட்டார் என்று அன்றிரவு பகவதியிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தான்.

மிஷின்கள் பத்திரமாகத்தான் இருந்தன. மழையிடமிருந்து பத்திரம், கள்ளனிடமிருந்து பத்திரம், அவனிடமிருந்தும் பத்திரம்.

ஏனென்றால் பத்தாயத்துச் சாவி மாமியார் பார்வதியம்மாளின் இடுப்பில். அந்தக் கொத்து இடம் மாறினால் வீடே கை மாறியதாக அர்த்தம். பிள்ளை கண்ணைக் காட்டாமல் அந்த அம்மாள் திறக்கமாட்டாள். செவ்வாய்க்கிழமை திறக்கப்படாது. வெள்ளிக்கிழமை ஆகவே ஆகாது. இன்றைக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. தை பிறந்தபிறகு சுயம்பு தன் மிஷினைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

இப்போது குலசேகரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து ஆள் கேட்கிறார்கள். ரப்பர் ஷீட்டு அடிக்கிற உருளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், துளை மிஷின் சொந்தமாக வைத்திருக்கிறவனாக இருக்க வேண்டும், திங்கட்கிழமை வேலைக்கு நிற்க வேண்டும். குடியிருக்க இரண்டு அறை வீடு தருகிறார்கள். அந்த இரண்டு அறையில் பகவதி மனசுக்குள்ளேயே அடுப்புக் கூட்டி, கொடி கட்டி, வாசலுக்குக் கோலமும் போட்டு முடித்துவிட்டாள். தோட்டத்து மாடுகளுக்கு வைக்கோல் ஏற்ற, சுயம்புவின் பட்டாளத்துத் தோழன் செல்வதாஸ் இன்று லாரி கொண்டுவருகிறான். அதில் பெட்டிகளும் ஏற வேண்டும்.

ஆனால் இன்றைக்குத்தான் கும்பப்பூ அறுவடையின் புது நெல்லும் பத்தாயத்தில் விழுகிறது. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது நெல் விழுந்துவிட்டால் ஒரு மண்டலம் மூடியைத் திறக்கமாட்டார்கள். உள்ளே இருப்பது எதுவானாலும் ஒரு துரும்பு வெளியே வரக்கூடாது.

காலையில் களத்துக்குப் புறப்பட்ட சுயம்புவை அடுக்களை வாசலில் மறித்துக் கேட்டாள் பகவதி. "கேட்டியளா? மாமாகிட்டப் பேசியாச்சா?"

"பேசியாச்சு. பெட்டிய எடுத்துத் தாறேன், நேரம் வரட்டும்னு சொன்னாரு."

"நேரம் எப்ப வரும்? நெல்லு விழுந்த பெறவா?"

"அப்படிச் செய்வாராட்டீ? பெத்த அப்பாவாக்கும்."

அதற்குமேல் அவனிடம் பேசிப் பயனில்லை. இரும்பென்றால் வளைத்துவிடுவான். அப்பா என்றால் அவனே வளைந்துவிடுவான்.

பார்வதியம்மாள் குளத்துக்குக் குளிக்கப் போனாள். போகும்போது சாவிக்கொத்தை உரல்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

பகவதி அந்தக் கொத்தைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். கல்யாணமாகி வந்த நாள்முதல் அந்த இடுப்பைவிட்டு அது இறங்கி அவள் பார்த்ததில்லை, அது தன் இடுப்புக்கு வரும் நாளை எண்ணாத நாளும் இல்லை. பகவதியம்மனே கண் திறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். கெட்டிக்காரிகளுக்கு இந்த ஒரு குறை உண்டு. நல்லது நடந்தால் அது ஏன் நடந்தது என்று கேட்பதில்லை.

இப்படித்தான் அவள் பத்தாயத்துக்குள் வந்தாள்.

உள்ளே பழைய நெல்லின் வாசமும் கிரீஸ் வாசமும் கலந்து கிடந்தன. கிணற்றுக் கயிற்றையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். பெட்டிகளைக் கட்டி மேலே இழுத்து, புறவாசல் வைக்கோல் போரில் மறைத்துவிட்டால், மிச்சத்தைச் செல்வதாஸ் பார்த்துக்கொள்வான். மோட்டார்ப் பெட்டியை அசைத்துப் பார்த்தாள், அசையவில்லை. சாணை மிஷின் பெட்டி அரை முழம் எழும்பி, திரும்பவும் தரைக்கே போயிற்று. போகட்டும், துளை மிஷின் ஒன்று போதும், அதுதான் வேலை. அந்தச் சின்னப் பெட்டியைத் தூக்கினாள். நல்ல கனம், ஆனால் தூக்க முடிந்தது.

கயிற்றைப் பூட்டும்போது பெட்டியின் முடிச்சு விரலில் தட்டியது. கன்றுக்குட்டியைக் கட்டுகிற முடிச்சு. சுயம்பு பட்டாளத்து முடிச்சுத்தான் போடுவான், ஒரு சுண்டு சுண்டினால் அவிழும். அவசரத்தில் மாற்றிப் போட்டிருப்பான் என்று விட்டுவிட்டாள்.

அப்போது புறவாசல் கதவு படாரென்று அடித்தது. ஒரு வாரமாகவே அது இப்படித்தான். கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த உடைந்த அம்மிக்குழவி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. காற்றுத்தான் என்று நெஞ்சைத் தடவிக்கொண்டவள், அடுத்து முன்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் விறைத்துப்போனாள்.

மாமனாருடைய செருப்பு. கூடவே அறுப்பாள் சுடலையாண்டியின் மூச்சு வாங்குகிற சத்தம்.

ஏறி வெளியே குதிக்க நேரமில்லை. கையை எட்டி மூடியை மெல்ல இழுத்துத் தலைக்குமேல் மூடிக்கொண்டாள். இருட்டு.

"பூட்டு தெறந்து தொங்குகு," என்றது பிள்ளையின் குரல். "பார்வதி தெறந்து வச்சிட்டுப் போயிருக்கா போல."

சங்கிலி இழுபடுகிற சத்தம். கொண்டியில் மாட்டுகிற சத்தம். டக்.

அது அமுக்குப் பூட்டு. பூட்டுவதற்குச் சாவி வேண்டாம், ஒரு அமுக்கு போதும். திறப்பதற்குத்தான் சாவி வேண்டும். அந்தச் சாவி பகவதியின் இடுப்பில், பத்தாயத்துக்குள்ளே இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.  கூப்பிட்டுவிடலாமா? 'சாவியைத் திருடிக்கொண்டு பத்தாயத்தில் இறங்கினாள் மருமகள்' என்று அறுப்புக்காரன் முன்னால் பேராகும். கொஞ்சம் பொறுக்கலாம், மாமனார் களத்துக்குத் திரும்பியதும் அத்தையிடம் காலில் விழுந்து கேட்டுக்கொள்ளலாம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மூடியின் நடுவில், ஒரு சாண் சதுரத்தில் ஒரு வாய் உண்டு. நெல் கொட்டுவதற்கென்றே வைத்தது. அதன் பலகை நகர்ந்து, மேலேயிருந்து வெளிச்சம் சதுரமாக விழுந்தது. பகவதி மூலையில் ஒட்டிக்கொண்டாள்.

"ஐயா, நடு அறையில சின்னவருக்க சாமான் கெடக்குல்லா?" என்றான் சுடலையாண்டி.

"கெடக்கட்டும்."

"அதுக்க மேலயா கொட்டணும்? பச்ச நெல்லாக்கும். ஆவி பிடிச்சு இரும்பு துரு ஏறிப்போவும்."

"ஏறட்டும்லே. நெல்லு விழுந்தா ஒரு மண்டலம் யாரும் தொடமுடியாது. அதுக்குள்ள அந்தக் கொலசேரத்து வேலைய வேற எவனாவது பிடிச்சுக்கிடுவான். பெறவு இவன் தானா வயலுக்கு வாறான். நீ கொட்டு."

பகவதி மனதுக்குள் சந்தேகப்பட்டது வேறு, காதால் கேட்பது வேறு. பெற்ற அப்பா அப்படிச் செய்வாரா என்று கேட்ட மனிதன் களத்தில் வெயிலில் நிற்கிறான். அவன் மேல் அவளுக்கு வந்த இரக்கத்தில் கண் நிறைந்துவிட்டது.

முதல் ஓலைக் கடவத்து நெல் சடசடவென்று விழுந்தது. பாதங்கள் மூடின. இரண்டாவது கடவத்தில் கணுக்கால் புதைந்தது. சுணை கிளம்பி மூக்கிலும் கழுத்திலும் ஏறியது. உடம்பெல்லாம் அரித்தது, மூச்சு அடைத்தது. இனி பொறுத்தால் தானும் பெட்டிகளோடு பெட்டியாக வேண்டியதுதான். துளை மிஷின் பெட்டியை நெல்லிலிருந்து இழுத்து மடியில் அணைத்துக்கொண்டு, மறுகையால் பலகையில் ஓங்கிக் குத்தினாள்.

"ஐயோ!" கடவத்தைப் போட்டுவிட்டு ஏணியிலிருந்து குதித்தான் சுடலையாண்டி. "ஐயா, உள்ள பேயி இருக்கு!"

"பேயில்ல, நாந்தான்," என்றாள் பகவதி இருமிக்கொண்டே.

ஏணி கிறீச்சிட்டது. சதுர வெளிச்சத்தில் மாமனாரின் முகம் தெரிந்தது. மருமகளைப் பார்த்த அந்தக் கண்கள், அவள் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தன, பிறகு அவள் இடுப்புக்கு வந்தன.

"சாவிய எடுத்தியா?" என்றார். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

"எடுத்தேன் மாமா. தப்புத்தான்."

"சரி, தா. மொதல்ல வெளிய வா."

கொத்தை அவிழ்த்துக் கையில் எடுத்தவள், நீட்டப்போனவள், நிறுத்திக்கொண்டாள். அந்த யோசனை அவளுக்கு எங்கிருந்து வந்ததோ! நெல்லில் புதைந்த காலைப் பார்த்தபோதுதான் வந்திருக்க வேண்டும்.

"புது நெல்லு விழுந்தாச்சே மாமா. உள்ள இருக்கியது எதையும் வெளிய எடுக்கப்படாதே."

"என்னட்டீ சொல்லுக?"

"ஒரு மண்டலம் தெறக்கப்படாதுன்னா என்னையும் எடுக்கப்படாதுல்லா? வழக்கத்த எனக்காவ மாத்தாண்டாம். நான் பெட்டிக்குக் காவலா இங்ஙனயே கெடக்கேன்."

கீழே சுடலையாண்டி வாயைப் பொத்திக்கொண்டான். பிள்ளைக்கு முகம் சிவந்தது. கத்தினால் தெரு கூடும். பூட்டை உடைக்கலாமென்றால் அது பழைய காலத்து இரும்பு. அதைத் துளைத்துத் திறக்கிற மிஷின் ஊரிலேயே ஒன்றுதான், அதுவும் மருமகள் மடியில் இருக்கிறது. பத்தாயத்துக்கு வெளியே ஏணியில் நின்ற மனிதருக்கு, தான்தான் உள்ளே மாட்டிக்கொண்டது போல வியர்த்துக் கொட்டியது.

"ஒனக்கு என்ன வேணும்?"

"நான் வெளிய வாறப்போ இந்தப் பெட்டி மூணும் எங்கூட வரணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"வந்தா?"

"வந்தா சாவி ஒங்க கையில."

 அதற்குள் சத்தம் கேட்டு, தோளில் நெல் கடவத்தோடு சுயம்பு வந்து நின்றான். பின்னால் குளத்திலிருந்து ஈரச்சேலையோடு பார்வதியம்மாளும் வந்துவிட்டாள். சுடலையாண்டி நடந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தான். துரு ஏறட்டும் என்று பிள்ளை சொன்னதையும் விடவில்லை. சுயம்பு கடவத்தை இறக்கி வைத்தான்.

"அப்பா," என்றான். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் இருந்த வருத்தம் பத்தாயத்துக்குள் நின்றவளுக்குக்கூடத் தாங்கவில்லை.

பிள்ளை மகன் முகத்தைப் பார்க்காமல், அந்தச் சின்ன வாய் வழியாகக் கையை நீட்டினார். "சரிட்டீ. எடுக்கச் சொல்லுகேன். சாவியத் தா."

"சொன்ன சொல்லு?"

"சுடலையாண்டி சாட்சி. போருமா?"

பூட்டுத் திறந்தது. மூடி எழும்பியது. வெளிச்சத்தில் கண் கூசிக்கொண்டு, தலையெல்லாம் நெல்லும் தூசியுமாக நின்ற பகவதியைச் சுயம்பு பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக இன்னும் நாலு கடவம் நெல்லைத் தலையில் வாங்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஏறி வா பகவதி."

"மொதல்ல இத வாங்குங்க," என்று துளை மிஷின் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தாள். அதை வாங்கியது சுயம்பு அல்ல, பிள்ளை. வாங்கி, மகன் கையில் வைத்தார். பகவதி ஏறி வெளியே வந்ததும் சுயம்புவே உள்ளே இறங்கி மற்ற இரண்டையும் ஏற்றினான். பிள்ளை, "அத்தகிட்டக் குடுத்திரு" என்று சாவிக்கொத்தை மருமகள் கையிலேயே திணித்துவிட்டு, தூணோரம் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முற்றத்தில் மூன்று பெட்டிகள். சுயம்பு சாணை மிஷினைப் பிரித்துக் கல்லைச் சுழற்றிப் பார்த்தான், சுழன்றது. மோட்டாரைப் பார்த்தான், ஒரு பொட்டுத் துருவில்லை. சிறுபிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே துளை மிஷின் பெட்டிக்கு வந்தான். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்துத் திறந்தான்.

சாக்கைப் பிரித்தான். மெழுகுத்துணியைப் பிரித்தான்.

உள்ளே உடைந்த அம்மிக்குழவி இருந்தது. நன்றாகக் கிரீஸ் தடவி வைத்திருந்தது.

பிள்ளை எழுந்து வந்து பார்த்தார். "இது நான் இல்லலே," என்றார் தடுமாறி. "சத்தியமா நான் இல்ல." அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

பகவதிக்குக் கதவு அடித்த சத்தம் நினைவுக்கு வந்தது. கன்றுக்குட்டி முடிச்சு நினைவுக்கு வந்தது. அந்த வீட்டில் கன்றைக் கட்டுகிறவர் ஒரே ஒருவர்தான். உரல்மேல் தனியாகக் கிடந்த சாவிக்கொத்தும் நினைவுக்கு வந்தது. அவள் மெல்லத் திரும்பி மாமியாரைப் பார்த்தாள்.

பார்வதியம்மாள் ஈரச்சேலை சொட்டச் சொட்ட, இருந்த இடத்திலேயே நின்றாள்.

"அம்மா, மிஷின் எங்க?" என்றான் சுயம்பு.

"மூத்தவன் மலேயாவுக்குப் போவும்போ, அவனுக்க பெட்டிய நாந்தான் தூக்கி வண்டியில வச்சேன்," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "எத்தன சந்தோசமா வச்சேன் தெரியுமா? இனி இன்னொரு பிள்ளைக்க பெட்டிய இந்த வீட்டுலேருந்து நான் ஏத்தமாட்டேன்."

"குலசேகரம் பக்கத்துலதானேம்மா..."

"அவனும் பக்கம்னுதான் சொன்னான்."

 தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டது. செல்வதாஸ் வந்துவிட்டான்.

பகவதி ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை மாமியாரிடம் நீட்டினாள். "அத்த, நான் செஞ்சது தப்புத்தான். இந்தாங்க. மிஷின மட்டும் எங்க வச்சிருக்கியன்னு சொல்லிருங்க."

பார்வதியம்மாள் அதை வாங்கவில்லை. மருமகளின் விரல்களைப் பிடித்து, கொத்தின்மேல் ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். அந்தக் கைகள் குளிர்ந்திருந்தன.

"காலையில ஒனக்காவத்தான் ஒரலுல வச்சிட்டுப் போனேன். நீயே வச்சுக்க மக்கா. பத்தாயம், அடுக்கள, இந்த வீடு, எல்லாம் இனி ஒனக்குத்தான். ரெண்டுபேரும் இங்ஙனயே இருங்க."

வந்த நாள்முதல் எந்தச் சாவிக்காக ஏங்கினாளோ, அது முழுக் கனத்தோடு பகவதியின் கையில் இருந்தது. அவள் சுயம்புவைப் பார்த்தாள். அவன் குழவிக் கல்லின் பக்கத்தில், தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தான்.

தெருவில் லாரி மறுபடியும் ஹாரன் அடித்தது.